பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்

இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். எட்டாவது வரை படித்தேன். கொஞ்ச நாள் கொழுந்து பறித்தேன். பிறகு தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை கிடைத்தது. தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பால் கரைக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், காய்ச்சல் கண்டால் தூக்கிக்கொண்டு மருந்துவீட்டுக்கு ஓட வேண்டும். அதிலேயே வயது போனது.

கல்யாணம் தாமதமாகத்தான் வந்தது. மாப்பிள்ளை அம்மாவின் அண்ணன் மகன். மாமா குடும்பத்தை முன்பே, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பழனி மலையில் குடியேறினார்கள். மாமா மகன் இங்கே பிறந்தவர். ஆடலூர்ப் பக்கம் ஜீப் ஓட்டுகிறார். அவரைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

பாஷை ஒன்று. நாடு வேறு. காகிதத்தில் நான் வெளிநாட்டுக்காரி. கடைத்தெருவில் சிலோன்காரி. இங்கேயே பிறந்த என் வீட்டுக்காரரையே சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். என்னைச் சொல்வதில் என்ன இருக்கிறது.

காகித வேலை எல்லாம் முடிய நாளாயிற்று. முடிந்ததும் வேலை கேட்டுப் போனேன்.

கொடைக்கானல் கன்னியர் மடத்துக்காரர்கள் ஆடலூருக்கு மேலே ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தார்கள். ஓர் அறை, ஒரு வராந்தா, குழந்தை எடை போடும் தராசு, மருந்து பீரோ. அதைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் நர்ஸ் படிப்பு படித்தவர். என்னைவிட இளையவர். என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"மருந்துப் பேரு வாசிப்பீங்களா?"

"வாசிப்பேன். எழுத்துக்கூட்டி."

"மலை ஏறுவீங்களா?"

"மலையிலதான் பொறந்தேன்."

"ரத்தம் பாத்தா மயக்கம் வருமா?"

"வராது."

சிரித்தார். "ரொம்பப் பேச மாட்டீங்க போல. நல்லது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுற வரைக்கும் பாப்போம். சரிப்பட்டு வந்தா வச்சுக்கறேன். வரலைன்னா கோச்சுக்கக் கூடாது."

அப்போது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது.

கிளினிக்குக்கு மேலும் கீழும் சரிவில், மலைவாசிகளான பளியரின் குடியிருப்புகள் சில இருந்தன. தேன், கல்பாசி, நெல்லிக்காய் எடுப்பார்கள். பருவத்தில் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போவார்கள். அவர்களில் ஒரு குடியிருப்பு என் பொறுப்பு. குழந்தைகளுக்கு எடை போட வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை கொடுக்க வேண்டும். காசநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தினமும் மாத்திரை கொடுத்து, அவள் விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலையைச் சிஸ்டர் அழுத்திச் சொன்னார். "மத்ததுல முன்னப்பின்ன இருக்கலாம். இதுல கூடாது. ஆறு மாசம் விடாமச் சாப்பிடணும். விட்டு விட்டுச் சாப்பிட்டா அந்த மருந்து அவளுக்குக் கேக்காமப் போயிரும். அப்புறம் குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவளுக்கு ஒரு பெண் குழந்தை. மாத்திரை தொடங்கிச் சில வாரம் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள் கல்யாணமாகி பாலசமுத்திரத்துக்குப் போய்விட்டாள். அவள் எப்படிக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. மாத்திரை கொடுப்பதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் ஜீப் போகும் மட்டும் வீட்டுக்காரர் கொண்டுவிட்டார். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. குடியிருப்பில் வீடுகள் சேர்ந்தாற்போல் இல்லை. ஒன்று பாறைக்கு அடியில், ஒன்று மூங்கிலுக்குப் பின்னால், ஒன்று ஓடைக்கு அந்தப் பக்கம்.

எங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை. லயம் என்றால் ஒரே கூரை, வரிசையாக வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். ஒருவர் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். விடிந்ததும் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். மருந்து கொடுப்பதும் அங்கேதான். பெயர், நோய், மாத்திரை எல்லாம் சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்போம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

குடியிருப்பின் நடுவில் வெட்டவெளி ஒன்று இருந்தது. அங்கே நின்று கூப்பிட்டேன். என் குரல் பெரியது. முதலில் குழந்தைக்காரிகளைக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்றார்கள். கடைசியில் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை. அவள் காதில் சரியாக விழட்டும் என்று, "காசநோய் மாத்திரை!" என்று சேர்த்துக் கூப்பிட்டேன்.

மூங்கிலுக்குப் பின்னாலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாத்திரையை வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். போய்விட்டாள்.

வேலை வெரசாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் போனபோது கதவுகள் சாத்தியிருந்தன. அடுப்பு ஒன்றும் புகையவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் சாக்கை விரித்து நெல்லிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் வயதுக்கு மேல் இருக்கும்.

"எங்க எல்லாரும்?" என்றேன்.

"சோலிக்குப் போயிட்டாக."

"எல்லாருமா?"

"நேத்து நீ போட்ட கூப்பாட்டுல கரடியே மலை தாண்டியிருக்கும். மனுசங்க எம்மாத்திரம்?"

நான் நின்றேன். அவள் நெல்லிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இப்படித்தான் முன்னால ஒருக்கா அதிகாரிக வந்தாக. பேரு கூப்பிட்டாக. வரிசையில நிக்கச் சொன்னாக. அப்புறம் மேக்காட்டுல இருந்த எங்க குடிசை எல்லாம் இங்க எறங்கிருச்சு. அதுலருந்து, யாராச்சும் நின்னு பேரு கூப்பிட்டா எங்களுக்குக் காலு தரையில தரிக்காது."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுல்ல. அந்தப் புள்ள சீக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு இருந்தோம். நீ சொல்லிட்ட. இனிமே தெரியாதுன்னு எப்படி இருக்கறது?"

சாக்குக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அவ எங்க?"

"புருசனோட காப்பிக்குப் போயிருச்சு. புள்ளையையும் தூக்கிட்டுப் போயிருச்சு. எந்தத் தோட்டம்னு கேக்காத. சொல்ல மாட்டேன்."

கிளினிக்குக்கு வந்து நடந்ததைச் சிஸ்டரிடம் சொன்னேன். எங்கள் தோட்டத்து முறையையும் சொன்னேன்.

"அங்க களத்துல நின்னு கூப்பிடுவீங்க. சரி. இங்க வீட்டு வாசல்ல போயி சும்மா நிக்கணும். அவுகளா வருவாக. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கல."

"மாத்திரை சாப்பிட்டா அவளால யாருக்கும் பயமில்ல. நிறுத்திட்டா ஒரே கொட்டகையில படுக்கற எல்லாருக்கும் பயம். அவ பிள்ளைக்கும் சேத்துத்தான். இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தேடுறேன்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் சொல்வதற்கு முன்னமே ஜீப் ஸ்டாண்டுக்குச் செய்தி வந்திருந்தது.

"ஸ்டாண்டு முழுக்க இதான் பேச்சு," என்றார். "சிலோன்காரி ஒரு ஊரையே காலி பண்ணிட்டாளாம்."

"சிரிச்சது போதும். காப்பிக்கு ஆள ஏத்திட்டுப் போன ஜீப்பு எதுன்னு கேளுங்க."

மறுநாளே கேட்டுச் சொன்னார். ஆடலூருக்குக் கீழே ஒரு தோட்டம். பறிக்க வந்தவர்கள் அங்கேயே கொட்டகையில் தங்கியிருந்தார்கள்.

போனேன். கேட்டில் மேஸ்திரி நின்றார். தொப்பி, கம்பளிச் சட்டை, கையில் குடை. நான் கிளினிக் என்று சொன்னதுமே தலையாட்டினார்.

"இங்க யாருக்கும் சீக்கு இல்லம்மா. சீக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா மத்த ஆளுக எறங்கிப் போயிருவாக. பழம் மரத்துலயே காஞ்சு போகும். நீங்க போயிட்டு வாங்க."

யாரைத் தேடி வந்தேன் என்று சொன்னால் அவளுக்கு அங்கேயும் வேலை போகும். சொல்லவில்லை.

"பழம் பறிக்க ஆளு எடுக்கறீங்களா?" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "பறிச்சிருக்கீங்களா?"

"கொழுந்து பறிச்சிருக்கேன்."

"எந்தூர்ல?"

"இலங்கையில."

"அடேயப்பா. ஃபாரின் ஆளு. நாளைக்கு வெள்ளனே வாங்க."

சிஸ்டரிடம் சொன்னபோது அவர் நெற்றியில் கை வைத்தார். "பழம் பறிக்கவா ஒங்கள வேலைக்கு வச்சேன்?"

"விடிஞ்சதும் குடியிருப்புக்குப் போவேன். அத முடிச்சுட்டுத் தோட்டத்துக்குப் போறேன்."

பீரோவைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

காப்பி பறிப்பது கொழுந்து கிள்ளுவது போலத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பச்சையை விட வேண்டும். காம்பு மரத்திலேயே நிற்க வேண்டும். என் கை இரண்டும் பழகிய வேகத்தில் போயின. இடுப்புப் பையில் காம்பும் பச்சையுமாக விழுந்தது.

மேஸ்திரி பைக்குள் கை விட்டுப் பார்த்தார். "ஏ சிலோன்! கொழுந்தா கிள்ளுற? காம்பு போச்சுன்னா அடுத்த வருசம் பூவு எங்க வரும், ஒங்க ஊர்லயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வரிசையில் நான் தேடி வந்தவளும் சிரித்தாள். சிரித்தபின்தான் நான் யார் என்று பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு தூரத்து வரிசைக்குப் போய்விட்டாள்.

அன்று நான் பின்னால் போகவில்லை. காம்பை விட்டுப் பறிக்கப் பழகினேன்.

மறுநாள் அவளுக்கு அடுத்த வரிசையைக் கேட்டு வாங்கினேன். வெகுநேரம் பேசாமல் பறித்தோம். அவள்தான் தொடங்கினாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"பழம் பறிக்க."

"பொய்யி."

"ஆமா. மாத்திரை இருக்கு."

"கூப்பாடு போடுங்க. இங்க இருக்கற சோலியும் போகட்டும்."

"போட மாட்டேன்."

"அன்னிக்கு மட்டும் ஏன் போட்டீங்க?"

"எங்க ஊர்ல அப்பிடித்தான் குடுப்போம். இங்க வேற மாதிரின்னு தெரியாது."

"ஒங்க ஊர்ல யாருக்கும் வெக்கங் கெடையாதா?"

யோசித்தேன். "ரெண்டு வீட்டுக்கு ஒரே செவரு. வெக்கப்பட எடமில்ல."

அவள் ஒரு கிளையை வளைத்துச் சிவந்த பழத்தைப் பறித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்தப் பலா மரத்தடியில வச்சுட்டுப் போங்க. நான் எடுத்துக்கறேன்."

"கண்ணால பாக்கணும்."

"என்னைய நம்ப மாட்டீங்களா?"

"நம்புறேன். இருந்தாலும் பாக்கணும்."

"அப்ப வேணாம்."

வரிசையின் மறுமுனைக்குப் போய்விட்டாள். மாத்திரை என் மடியில் இருந்தது. அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். பலா மரத்தடியில் வைத்துவிட்டுப் போனால் சிஸ்டருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் விழுங்கினாளா, ஓடையில் போட்டாளா என்று எனக்கும் தெரியாது. தெரியாமல் வேலை பார்க்க நான் வரவில்லை. பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். வைக்க மாட்டேன். போவதையும் நிறுத்த மாட்டேன்.

அடுத்த நாள் விடியுமுன்பே மழை. குடியிருப்பில் வாசல் வாசலாகப் போய் நின்றேன். கூப்பிடவில்லை. காப்பிக்குப் போகாதவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பியிருந்தார்கள். நாய் குரைக்கும். யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இருப்பவர்கள் வருவார்கள். இல்லாவிட்டால் அடுத்த வாசல். நெல்லிக்காய்க்காரி வாசலில் நின்றபோது, உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

"சத்தமில்லாம நின்னா நீ வந்திருக்கறது எப்படித் தெரியும்?"

"நாய் சொல்லுதே."

"நாய்க்கு இருக்கற மரியாத ஒனக்கு இப்பத்தான் வந்திருக்கு," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து ஒரு கை நெல்லிக்காயை நீட்டினாள்.

தோட்டத்துக்குப் போனபோது பாதிப் பேர் வரவில்லை. அட்டைப்பூச்சி கணுக்கால் வரை ஏறியது. அவள் வந்திருந்தாள். தலையில் பிளாஸ்டிக் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மழையில கூடவா?" என்றாள். நான் என் வரிசையில் இறங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பையை இறக்கிவைத்தாள். ஓடைப் பக்கம் புதருக்குப் போகத் திரும்பினாள். அந்தப் பக்கம் பெண்கள் தனியாக ஒதுங்க மாட்டார்கள். காட்டுமாடு நிற்கும். ஒருத்தி போனால் இன்னொருத்தி கூடப் போய்க் காவல் நிற்பாள். யார் யாரோடு போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மேஸ்திரியும் அந்தத் திசையைப் பார்க்க மாட்டார்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "வாறீங்களா? மாடு கெடக்கும்."

போனேன்.

புதருக்குப் பின்னால் போனதும் கையை நீட்டினாள். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய பாட்டிலில் தண்ணீர் இருந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினாள். முகம் சுளித்தது.

"வாயத் தெறங்க," என்றேன்.

"தெறந்தா மட்டும் போதுமா, நாக்கையும் தூக்கவா?"

"தூக்குங்க."

தூக்கினாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் மூக்கில் ஏறி இருமினாள். நான் காட்டுமாடு பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் அங்கேதான் கொடுத்தேன். விட்டுப்போன நாட்களைச் சிஸ்டரிடம் மறைக்கவில்லை. அவர் பெரிய டாக்டரிடம் கேட்டார். தொடரலாம், சளியை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரி கவனித்திருக்கிறார். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்ன, ரெண்டு பேரும் தெனம் ஒண்ணாவே ஒதுங்குறீக? ரெண்டு வயித்துக்கும் ஒரே நேரந்தானா?"

அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "நீங்க வேணா காவலுக்கு வாங்கண்ணே. மாடு ஒங்களப் பாத்தா பயந்துக்கும்."

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மேஸ்திரி குடையை விரித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அதன்பின் கேட்கவில்லை.

ஒருமுறை ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸும் ஜீப்பும் நின்றுவிட்டன. நடந்தேன். நான் போனபோது பழம் நிறுத்து முடித்துவிட்டார்கள். எல்லோரும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். ஓடைக்குப் போகும் வழியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எம்புட்டு நேரம் நிக்கறது?" என்று ஏசினாள். "சோறு ஆக்கணும், தண்ணி எடுக்கணும். ஒங்களுக்கு என்ன, ஆடி அசைஞ்சு வாறீங்க."

முழங்கால் வரை சேறாக நின்றபடியே கொடுத்தேன். விழுங்கினாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளையும் அவளைப் பார்த்து நாக்கைத் தூக்கிக் காட்டியது.

கிளினிக் வராந்தாவில் சிஸ்டர் நட்சத்திரம் கட்டினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் சளியை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வத்தலக்குண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். அவள் பிள்ளையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் சிஸ்டர் சோதித்திருந்தார். ஆஸ்பத்திரிப் பதில் வரட்டும் என்று இருந்தோம்.

பதில் சிஸ்டரின் போனில் வந்தது. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"கிருமி இல்ல," என்றார்.

பிறகு பீரோவைப் பூட்டிக்கொண்டே, "பொங்கல் கழிஞ்சு மேல இருக்கற குடியிருப்பையும் நீங்கதான் பாக்கணும். பாதை ரொம்பச் செங்குத்து," என்றார்.

"சரி," என்றேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். பறிப்பு முடியும் நேரம். மரத்தில் கடைசிச் சில்லறைப் பழங்கள்தான் இருந்தன. புதருக்குப் பின்னால் போனதும் சொன்னேன். "சளியில கிருமி இல்ல. டவுன்லருந்து சேதி வந்துருச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உண்மைதானா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவாள்.

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சிஸ்டர் பாத்துட்டாங்க."

எழுந்து சேலையை உதறினாள்.

"அப்ப மாத்திரைய நிறுத்திரலாம்ல?"

"முடியாது. கிருமி ஒளிஞ்சு கெடக்கும். ஆறு மாசமும் சாப்பிட்டாத்தான் போகும்."

"இங்க சோலி முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்துருவேன்."

"அங்க வாறேன்."

"எல்லாரும் பாப்பாக."

"பாக்கட்டும். நான் வாசல்ல நிப்பேன். நீங்க வெளிய வந்தா போதும்."

"வரலைன்னா?"

"நின்னுட்டே இருப்பேன்."

உதட்டைப் பிதுக்கினாள். "நெனச்சேன்," என்றாள். கையை நீட்டினாள்.